மூன்று எழுத்தும் அதேதானே, வரிசை மாறினால் என்ன? கோணத்தின் பெயர், உச்சி, கதிர் பற்றி ஓர் ஐயம்

செந்தூல் அப்பா

அனைவருக்கும் வணக்கம். என் மகள் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்துவிட்டு, இவ்வாண்டு இடைநிலைப்பள்ளியில் படிவம் 1இல் சேர்ந்திருக்கிறாள். கணிதத்தில் எட்டாம் பாடமான கோடுகளும் கோணங்களும் முடிந்த கையோடு வகுப்பில் ஒரு சிறு தேர்வு வைத்தார்கள். விடைத்தாளை நேற்றிரவு என்னிடம் நீட்டியவள், மூன்று இடங்களில் தவறு என்று குறித்திருப்பதைத் தன்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை என்றாள். நான் மின்கம்பி இணைப்பு வேலை செய்கிறவன், எஸ்.பி.எம். (மலேசியாவின் இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வு) எழுதி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அவளுக்குச் சரியான விளக்கம் சொல்ல முடியாததால் உங்களிடம் வருகிறேன்.

படத்தைச் சொற்களாலேயே சொல்கிறேன். தாளில் புள்ளிகளுக்கு ரோமன் எழுத்துகள் இட்டிருந்தார்கள். இங்கே அவற்றுக்குப் பதிலாக க, ச, ட, த என்று எழுதுகிறேன். ஒரு முக்கோணம், மேலே க, கீழே இடப்பக்கம் ச, கீழே வலப்பக்கம் ட. க-வையும் ட-வையும் இணைக்கும் பக்கத்தின் மேல் இடையில் ஓரிடத்தில் த என்ற புள்ளி இருக்கிறது. ச-விலிருந்து த-வுக்கு ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான் படம்.

முதல் கேள்வியில், ச-வின் அருகே, க-வுக்கும் த-வுக்கும் நடுவில் ஒரு சிறு வில் வரைந்து, அந்தக் கோணத்திற்குப் பெயர் எழுதச் சொன்னார்கள். இவள் ∠சகத என்று எழுதியிருக்கிறாள். தவறு, ∠கசத என்பதே சரியான விடையாம். இரண்டாவது கேள்வியில் ட-வில் உள்ள கோணத்திற்கு ∠ட என்று எழுதியதற்கு மதிப்பெண் கிடைத்திருக்கிறது. ஆனால் ச-வில் கீழ்ப்புறமாக இருந்த கோணத்திற்கு ∠ச என்று எழுதியதற்குக் கிடைக்கவில்லை. மூன்றாவது கேள்வி மலாயில் இருந்தது. ∠தசட-வின் ‘புச்சு’வை வட்டமிடச் சொன்னார்கள். புச்சு என்றால் தமிழில் உச்சி என்று தமிழ்ப்பள்ளி ஆசிரியர் சொல்லிக் கொடுத்தது நினைவுக்கு வர, அந்த மூன்று புள்ளிகளில் எது உயரத்தில் இருக்கிறதோ அந்த த-வை வட்டமிட்டிருக்கிறாள்.

அவளுடைய வாதம் இது: “முக்கோணத்தைக் கசட என்றாலும் சடக என்றாலும் டகச என்றாலும் டீச்சர் சரி என்கிறார். கோணத்துக்கு மட்டும் ஏன் வரிசை பார்க்க வேண்டும்? மூன்று எழுத்தும் அதேதானே, அப்பா?” எனக்கு அது நியாயமான கேள்வியாகவே படுகிறது.

பட்டர்வொர்த் டீச்சர்

வணக்கம் ஐயா. உங்கள் மகளின் கேள்வி நியாயமானதுதான். முக்கோணத்தோடு ஒப்பிட்டுக் கேட்டிருப்பதிலிருந்து அவள் பாடத்தை யோசித்துப் படிக்கிறாள் என்று தெரிகிறது. அந்த ஒப்பீட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

முக்கோணத்திற்குப் பெயரிடும்போது மூன்று முனைகளும் ஒரே தரத்தில் நிற்கின்றன. மூன்றுக்கும் ஒரே வேலை. எதை முதலில் சொன்னாலும் அதே மூன்று புள்ளிகள், அதே மூன்று பக்கங்கள். கோணத்தில் அப்படியில்லை. ஒரு புள்ளியிலிருந்து இரண்டு கதிர்கள் புறப்படுகின்றன. அந்தப் புறப்படும் புள்ளிதான் உச்சி. மற்ற இரண்டு எழுத்துகளும், கதிர்கள் எந்தப் பக்கம் போகின்றன என்று காட்டுவதற்காக அவற்றின் மேல் வைத்த அடையாளங்கள் மட்டுமே. மூன்றில் ஒன்றுக்குத் தனி வேலை இருப்பதால் அதற்குத் தனி இடம் தேவைப்படுகிறது. அந்த இடம் நடு. ஓரங்களில் நிற்கும் இரண்டும் ஒன்றுக்கொன்று இடம் மாறலாம். ஆகவே ∠கசத-வும் ∠தசக-வும் ஒன்றே.

நான் வகுப்பில் இதை நடந்து காட்டச் சொல்வேன். ஜோர்ஜ் டவுனுக்குப் போயிருக்கும் பிள்ளைகளுக்குக் குயின் தெருவில் உள்ள மகாமாரியம்மன் கோவில் தெரியும். கோவிலிலிருந்து புறப்பட்டு, பாசார் தெருவைச் சந்திக்கும் முக்குக்கு வந்து, அங்கே திரும்பி, பினாங்கு தெருவை நோக்கி நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கோவில், முக்கு, பினாங்கு தெரு என்று வழியைச் சொன்னால், நாம் திரும்பிய இடம் நடுவில் வந்து விழுகிறது. வந்த வழியே திரும்பிப் போனால் பினாங்கு தெரு, முக்கு, கோவில். அப்போதும் முக்கு நடுவில்தான். யாராவது ‘முக்கு, கோவில், பினாங்கு தெரு’ என்று சொன்னால், அவர் கோவிலில் போய்த் திரும்பியவர் ஆகிவிடுகிறார். அது வேறு நடை. மூன்றெழுத்துப் பெயரை வாசிக்கும்போது விரலைப் படத்தின் மேல் வைத்து, முதல் எழுத்திலிருந்து நடுவெழுத்துக்கும் அங்கிருந்து கடைசி எழுத்துக்கும் நகர்த்தச் சொல்லுங்கள். விரல் எங்கே மடங்குகிறதோ அங்கேதான் கோணம்.

இப்போது உங்கள் மகள் எழுதிய ∠சகத-வை அதே படத்தில் விரலால் நடந்து பாருங்கள். ச-விலிருந்து க-வுக்கு ஏறி, க-வில் மடங்கி, த-வுக்கு இறங்குகிறோம். அப்படி ஒரு கோணம் படத்தில் இருக்கிறது. முக்கோணத்தின் மேல்முனையில் உள்ள கோணம் அது. அவள் எழுதியது பொருளற்ற பெயராக இருந்திருந்தால் திருத்துபவர் எழுத்துப் பிழை என்று கடந்து போயிருக்கலாம். அது படத்தில் உள்ள இன்னொரு கோணத்தின் முறையான பெயர் என்பதால்தான் தவறு என்று குறிக்க வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டு எண்ணைக் கடிதத்தின் மேல் எழுதியது போல, அது சேரும். ஆனால் வேறு வீட்டில் சேரும்.

பிரிக்பீல்ட்ஸ் டியூஷன் ஆசிரியர்

டீச்சர் வரிசையைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். ∠ட சரி, ∠ச தவறு என்ற இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன்.

ட-வில் எத்தனை கோணங்கள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். ட-விலிருந்து ஒரு கதிர் ச-வை நோக்கிப் போகிறது. மற்றொன்று த வழியாகக் க-வுக்குப் போகிறது. இரண்டு கதிர்கள், ஒரு கோணம். அங்கே ∠ட என்று ஒற்றை எழுத்தில் எழுதினால் யாருக்கும் குழப்பம் வராது. ச-வில் மூன்று கதிர்கள் புறப்படுகின்றன: சக, சத, சட. ஆகவே அங்கே ∠கசத, ∠தசட, இரண்டையும் சேர்த்து எடுத்தால் ∠கசட என மூன்று கோணங்கள் கிடைக்கின்றன. ∠ச என்று மட்டும் எழுதினால் மூன்றில் எது என்று வாசிப்பவருக்குத் தெரியாது. ஒரே வீட்டில் மூன்று பேர் இருக்கும்போது வாசலில் நின்று வீட்டு எண்ணை மட்டும் கூப்பிட்டால் யார் எழுந்து வருவார்?

ஒரு புள்ளியிலிருந்து விசிறியைப் போல நான்கு கதிர்கள் விரிந்தால் ஆறு கோணங்கள், ஐந்து விரிந்தால் பத்து. எந்த இரண்டு கதிர்களைச் சோடி சேர்த்தாலும் ஒரு கோணம் என்பதால் எண்ணிக்கை இப்படி வேகமாக ஏறுகிறது. பெரும்பாலான பிள்ளைகள் நான்கு கதிர் படத்தைப் பார்த்து மூன்று என்றே சொல்வார்கள்; அடுத்தடுத்து இருப்பவை மட்டும் கண்ணில் படும், ஒன்றையொன்று உள்ளடக்கியவை கண்ணில் படா. நான் அவர்களிடம் கோணங்களை எண்ணச் சொல்வதில்லை; நடுவெழுத்தை நிலையாக வைத்து, ஓர எழுத்துகளை மாற்றி மாற்றிப் பெயர்களை எழுதச் சொல்வேன். பெயர்களை எழுதி முடிக்கும்போது ஆறும் தாமாகவே தாளில் வந்துவிடும்.

இன்னொன்றையும் சேர்க்க விரும்புகிறேன். மூன்றெழுத்துப் பெயர்கூட எல்லா இடத்திலும் போதாது. பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தின் தரைப்படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சதுரத்தின் மேல் இன்னொரு சதுரத்தை 45 பாகை திருப்பி வைத்தால் வரும் எட்டுமுனை விண்மீன்தான் அதன் அடிப்படை வடிவம். இடையில் உள்ள குழிவுகளில் பிறகு வட்டத் துண்டுகளைச் சேர்த்திருக்கிறார்கள். அந்த வட்டத் துண்டுகளை விட்டுவிட்டு விண்மீனை மட்டும் வரையுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் எட்டு முனைகளிலும் 90 பாகை. உள்வாங்கிய எட்டு இடங்களில் ஒன்றை ம என்றும், அதன் இருபுறமும் உள்ள முனைகளைப் ப, ய என்றும் வைத்தால், ∠பமய எவ்வளவு? கட்டடத்துக்கு வெளியே நின்று பார்ப்பவருக்கு 135 பாகை; உள்ளே நிற்பவருக்கு 225 பாகை. பெயர் இரண்டுக்கும் ஒன்றே. சரிதானா என்று சோதிக்க எளிய வழி உண்டு: பதினாறு பக்கங்கள் உள்ள உருவத்தின் உட்கோணங்களின் கூட்டுத்தொகை 14 × 180, அதாவது 2520 பாகை, எட்டு 90-உம் எட்டு 225-உம் சேர்ந்தால் அதே 2520.

அதனால்தான் வெறுமனே ∠பமய என்றால் 180-க்குக் குறைந்ததையே எடுத்துக்கொள்வது வழக்கம்; பெரியதைச் சொல்ல வேண்டுமானால் ‘பின்வளைகோணம் பமய’ என்று சொல்லால் எழுத வேண்டும், அல்லது படத்தில் வில்லைப் பெரிய பக்கமாக வரைந்து காட்ட வேண்டும். தேர்வுத்தாளில் வில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்காமல் பெயரை மட்டும் பார்த்து விடை எழுதுகிறவர்கள் இங்கேதான் மதிப்பெண்ணை விடுகிறார்கள்.

பினாங்கு நில அளவையர்

மன்னிக்கவும், டீச்சர் சொன்ன ஒரு கருத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. ∠கசத-வும் ∠தசக-வும் ஒன்றே என்று பிள்ளைகளுக்கு ஆணித்தரமாகச் சொல்லிவிடுகிறோம். எங்கள் தொழிலில் அது ஒன்றன்று.

களத்தில் நான் கருவியை ச-வில் நிறுத்துகிறேன். முதலில் க-வில் நிற்கும் கோலைப் பார்த்து, அந்தத் திசையைச் சுழியமாக வைக்கிறேன். பிறகு கடிகார முள் சுற்றும் திசையில் கருவியைத் திருப்பி, ட-வில் உள்ள கோலைப் பார்த்து அளவைப் படிக்கிறேன். அளவு 70 பாகை என்று வைத்துக்கொள்வோம். அதே இடத்தில் நின்று, ட-வைச் சுழியமாக வைத்து, கடிகாரத் திசையிலேயே க-வுக்குத் திரும்பினால் 290 பாகை வரும். என் களப்புத்தகத்தில் கசட என்று எழுதுவதும் டசக என்று எழுதுவதும் இரண்டு வெவ்வேறு எண்கள். புதிதாக வேலைக்கு வந்த ஓர் இளைஞர், பள்ளியில் படித்த நினைவில் இரண்டும் ஒன்றுதானே என்று வரிசையை மாற்றி எழுதியதால், ஒரு மனையின் எல்லைக்கோடு கணக்கில் தொடங்கிய புள்ளிக்கே வந்து மூடாமல் போய், மறுநாள் வெயிலில் நாங்கள் எல்லாப் புள்ளிகளையும் மறுபடி அளந்தோம். வரிசைக்குப் பொருள் உண்டு என்பதைப் பள்ளியிலேயே சொல்லிவிட்டால் நல்லது.

பட்டர்வொர்த் டீச்சர்

நீங்கள் சொல்வது உண்மை ஐயா, மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் அளப்பதும் நாங்கள் படிவம் 1இல் கற்பிப்பதும் வெவ்வேறு பொருள்கள் என்று நினைக்கிறேன். நாங்கள் கற்பிக்கும் கோணம் இரண்டு கதிர்களுக்கு இடையில் உள்ள விரிவு. கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைப் போல. அதற்குத் தொடக்கமும் முடிவும் கிடையாது. நீங்கள் அளப்பது ஒரு திருப்பம். எங்கிருந்து தொடங்கி, எந்தப் பக்கமாக, எதுவரை என்ற மூன்றையும் சொன்னால்தான் அது முழுமை பெறும். முதலாவதற்கு வரிசையை மாற்றினால் ஒன்றும் ஆகாது. இரண்டாவதற்கு 360-லிருந்து கழித்த எண் வந்துவிடும். நீங்கள் சொன்ன 70-உம் 290-உம் சேர்ந்தால் 360 ஆகிறதல்லவா?

இரண்டையும் ஒரே நாளில் பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் சொன்னால் எதுவும் நிற்காது என்பது என் அனுபவம். முதலில் நடுவெழுத்து கைக்குப் பழகட்டும். ஆனாலும் ‘ஒன்றே’ என்று சொல்லும் இடத்தில் ‘விரிவை அளக்கும்போது ஒன்றே’ என்று இனிமேல் சேர்த்துச் சொல்வேன். இது உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது.

நடுவெழுத்து என்ற விதி நீங்கள் அளக்கும் கோணத்திலும் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். கருவி எங்கே நிற்கிறதோ, அந்த எழுத்துதான் உங்கள் களப்புத்தகத்திலும் நடுவில் இருக்கிறது.

கோலாலம்பூர் மொழிபெயர்ப்பாளர்

செந்தூல் ஐயா எழுதிய மூன்றாவது தவறுதான் எனக்கு மனத்தில் நிற்கிறது, ஏனென்றால் அதில் பிள்ளையின் தவறைவிட நம் சொல்லின் குற்றம் அதிகம். ‘உச்சி’ என்றால் தமிழ்க் காதுக்கு மேலே இருப்பது: மலையுச்சி, மரத்தின் உச்சி, உச்சி வெயில். முக்கோணத்தின் கீழ்மூலையைக் காட்டி இதுவும் உச்சி என்று சொன்னால் எந்தப் பிள்ளைக்குத்தான் குழம்பாது? ‘முனை’ என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. கனச்சதுரம், கூம்பு முதலியவற்றைக் கற்பிக்கும்போது முனை என்றுதானே பலர் சொல்கிறோம்? முனைக்கு மேல், கீழ் என்ற பேதம் இல்லை. கோணத்திற்கும் முனை என்றே வைத்துக்கொண்டால் என்ன?

கதிரிலும் இதே சிக்கல் உண்டு. செபராங் பிறையின் வயல்களுக்கு அருகே வளரும் பிள்ளைக்குக் கதிர் என்றால் நெற்கதிர். அது ஒரு சாண் நீளத்தில் முடிந்துவிடும். வடிவியலில் கதிர் ஒரு முனையில் தொடங்கி மறுமுனையில் முடிவில்லாமல் போகும் கோடு. இங்கே பொருந்துவது கதிரவனின் கதிர். புறப்படும் இடம் உண்டு, முடியும் இடம் இல்லை. இதைச் சொல்லிக் கொடுக்காமல் வெறும் சொல்லை மட்டும் கொடுத்தால் பிள்ளை தனக்குத் தெரிந்த கதிரையே நினைத்துக்கொள்ளும்.

பிரிக்பீல்ட்ஸ் டியூஷன் ஆசிரியர்

கதிரைப் பற்றிச் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். உச்சியை மட்டும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை, காரணத்தைச் சொல்கிறேன்.

இரண்டு நேர்கோடுகள் வெட்டிக்கொள்ளும்போது எதிரெதிரே வரும் கோணங்கள் சமம் என்று பொ.ஆ.மு. 300-ஐ ஒட்டிய காலத்தில் கிரேக்கக் கணிதர் யூக்ளிட் தம் நூலின் முதல் பாகத்தில் 15ஆம் தேற்றமாக நிறுவுகிறார். அங்கே அக்கோணங்களை அவர் ‘கொருஃபேயில் எதிரானவை’ என்று குறிக்கிறார். கொருஃபே என்பது கிரேக்கத்தில் தலையின் உச்சி, மலையின் உச்சி. லத்தீனில் அதற்கு வைத்த ‘வெர்டெக்ஸ்’ என்ற சொல்லுக்கும் உச்சந்தலை என்ற பொருள் உண்டு; சுழல் என்பது அதன் இன்னொரு பொருள். சுற்றுவதைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்த சொல் அது. பிள்ளையின் உச்சந்தலையில் மயிர் ஒரு புள்ளியிலிருந்து சுற்றிப் புறப்படும் இடத்தை நாம் சுழி என்கிறோம் அல்லவா? அந்தச் சுழியிலிருந்துதான் மயிர் எல்லாப் பக்கமும் விரிகிறது. கோணத்தின் உச்சியும் அப்படித்தான். கதிர்கள் விரிந்து புறப்படும் இடம். பிள்ளை படுத்துக்கொண்டாலும் தலைகீழாக நின்றாலும் உச்சந்தலை உச்சந்தலைதானே? என் மாணவர்களிடம் நான் இதைத்தான் சொல்கிறேன். தம்பி தங்கையின் தலையில் சுழியைத் தேடிப் பார்த்துவிட்டு வரச் சொல்வேன். அதற்குப் பிறகு கீழ்மூலையை உச்சி என்று சொல்ல அவர்கள் தயங்குவதில்லை.

ஆனால் உங்கள் குறை வேறொரு சொல்லுக்கு முழுமையாகப் பொருந்தும். நான் மேலே சொன்ன எதிரெதிர்க் கோணங்களைத் தமிழில் ‘குத்தெதிர்க் கோணங்கள்’ என்கிறார்கள். குத்து என்றால் செங்குத்து. கோடுகள் எப்படிச் சாய்ந்திருந்தாலும், கோணங்கள் இடமும் வலமுமாக இருந்தாலும், குத்தெதிர் என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. ஆங்கிலச் சொல்லில் உள்ள ‘வெர்ட்டிகல்’ இங்கே வெர்டெக்சைக் குறிக்கிறது. நிமிர்ந்து நிற்பதோடு அதற்குச் சம்பந்தமில்லை. மலாயில் ‘பெர்தெந்தாங் புச்சு’, அதாவது புச்சுவில் எதிராக நிற்பவை என்று சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். ‘உச்சியெதிர்க் கோணங்கள்’ என்று நாம் சொல்லிப் பழகினால் மூன்று மொழியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு முடிச்சு அவிழும்.

கோலாலம்பூர் மொழிபெயர்ப்பாளர்

சுழி எடுத்துக்காட்டு நன்றாக இருக்கிறது. ‘உச்சியெதிர்’ என்பதும் பிடித்திருக்கிறது. ஆனாலும் சொல்லின் வரலாறு தெரிந்த ஆசிரியர் எல்லா வகுப்பிலும் இருக்கமாட்டார். உச்சி என்ற சொல்லை வைத்துக்கொள்வதானால், உச்சி கீழே இருக்கும் படத்தையும் பக்கவாட்டில் இருக்கும் படத்தையும் முதல் நாளிலேயே காட்ட வேண்டும். பிள்ளைகளுக்குத் தரும் பயிற்சித்தாள்களில் பெரும்பாலும் உச்சி இடப்பக்கக் கீழ்மூலையிலும், ஒரு கை தரைமட்டமாகவும் இருக்கிறது. அப்படியே பழகிவிட்டு, தாளைத் திருப்பினால் அதே கோணம் அடையாளம் தெரியாமல் போகிறது.

செந்தூல் அப்பா

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு சாப்பாட்டு மேசையில் மகளோடு உட்கார்ந்து, மேலே எழுதியவற்றை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தோம். வெற்றுத்தாளில் அதே படத்தை வரைந்து, தாளைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று திருப்பி வைத்து, ஒவ்வொரு முறையும் ∠தசட-வின் உச்சியை வட்டமிடச் சொன்னேன். முதல் திருப்பத்தில் சற்றே நின்றாள். பிறகு விரலைத் த, ச, ட என்று நகர்த்தி, மடங்கிய இடத்தில் வட்டம் போட்டாள். அதற்கு மேல் தாள் எப்படி இருந்தாலும் தடுமாறவில்லை.

இப்போது அவளுக்குப் புதிதாக ஓர் ஐயம். க-வில் உள்ள கோணத்திற்குத் தேர்வில் ஒரு தோழி ∠சகட என்றும் இன்னொருத்தி ∠சகத என்றும் எழுதி, இருவருக்கும் சரி போட்டிருக்கிறார்களாம். எழுத்துகளே வேறாக இருக்கும்போது இரண்டும் எப்படிச் சரியாகும்? த பாதி வழியில் இருக்கிறது, ட கடைசியில் இருக்கிறது. ∠சகட பெரிய கோணமாக இருக்க வேண்டாமா என்கிறாள்.

பட்டர்வொர்த் டீச்சர்

இந்தக் கேள்விக்காகவே கதிர் என்ற ஒன்றைக் கற்பிக்க வேண்டியிருக்கிறது, ஐயா.

க-விலிருந்து புறப்பட்டுத் த வழியாகப் போகும் கதிர், த-வில் நிற்பதில்லை. அது தொடர்ந்து போய் ட-வையும் தொட்டு, தாளின் ஓரத்தைத் தாண்டியும் போய்க்கொண்டே இருக்கும். க-விலிருந்து ட வழியாகப் போகும் கதிரும் அதே கதிர்தான். ஒரு கதிருக்குப் பெயர் வைக்க, அது தொடங்கும் புள்ளியை முதலிலும், அதன் மேல் உள்ள ஏதாவது ஒரு புள்ளியை இரண்டாவதாகவும் எழுதினால் போதும். பட்டர்வொர்த்திலிருந்து தெற்கே போகும் ரயிலை ஈப்போ போகும் ரயில் என்றாலும் கோலாலம்பூர் போகும் ரயில் என்றாலும் தண்டவாளம் ஒன்றுதானே? ஆகவே கதிர் கத-வும் கதிர் கட-வும் ஒன்று; ∠சகத-வும் ∠சகட-வும் ஒன்று. கைகளின் நீளம் கோணத்தின் அளவை மாற்றாது. பாகைமானி எட்டாதபோது கைகளைப் பென்சிலால் நீட்டிக்கொண்டு அளக்கிறோமே, அதுவும் இந்த உரிமையில்தான்.

ஆனால் மூன்று இடங்களில் அவள் கவனமாக இருக்க வேண்டும். கோட்டுத்துண்டு கத-வும் கோட்டுத்துண்டு கட-வும் ஒன்றல்ல; துண்டு என்றால் இரண்டு முனையிலும் நின்றுவிடும், நீளம் வேறு. கதிர் கத-வும் கதிர் தக-வும் ஒன்றல்ல. முதலாவது க-வில் பிறந்து ட பக்கம் போகிறது, இரண்டாவது த-வில் பிறந்து க பக்கம் போகிறது. கதிரின் பெயரெழுத்துகளுக்கு மேல் இடும் அம்புக்குறி எப்போதும் இடமிருந்து வலமாகவே இருக்கும். படத்தில் கதிர் இடப்பக்கம் போனாலும் அம்பைத் திருப்பிப் போட வேண்டியதில்லை, எழுத்து வரிசையே திசையைச் சொல்லிவிடும். மூன்றாவதாக, கோணக் குறியை எழுதும்போது கீழ்க்கை தரைமட்டமாகப் படுத்திருக்க வேண்டும். இரண்டு கையும் சாய்ந்தால் ‘சிறியது’ (<) என்ற குறியாகிவிடும். 1634இல் பிரெஞ்சுக் கணிதர் பியேர் எரிகோன் தம் நூலில் கோணத்திற்கு இந்த இரண்டு குறிகளையும் பயன்படுத்தியிருக்கிறார். ‘சிறியது’ என்ற குறி வேறு பொருளில் நிலைத்துவிட்டதால் இன்று நமக்கு மிஞ்சியது கை படுத்த குறி மட்டுமே.

செந்தூல் அப்பா

மகளிடம் வாசித்துக் காட்டினேன். ஒரு தாளை எடுத்து, க-வில் உள்ள கோணத்திற்கு எத்தனை பெயர் வைக்கலாம் என்று தானாகவே எழுதத் தொடங்கினாள்: ∠சகட, ∠டகச, ∠சகத, ∠தகச, ∠க. ஐந்து. பிறகு ட-வுக்கும் ஐந்து எழுதினாள். த-வுக்கு வந்ததும் நின்றுவிட்டாள். ∠கதச ஒன்று, ∠சதட ஒன்று. அதற்கு மேல் க, த, ட என்று விரலை நகர்த்தினால் விரல் மடங்கவே இல்லை, நேராகப் போய்விடுகிறது. அப்படியானால் ∠கதட என்று ஒன்று உண்டா, இல்லையா என்று கேட்கிறாள்.

பிரிக்பீல்ட்ஸ் டியூஷன் ஆசிரியர்

உண்டு என்று அவளிடம் சொல்லுங்கள்; நேர்க்கோணம், 180 பாகை. த-விலிருந்து கதிர் தக ஒரு பக்கமும் கதிர் தட அதற்கு நேர் எதிர்ப்பக்கமும் போகின்றன; உச்சி த. அவள் கண்டுபிடித்த ∠கதச-வும் ∠சதட-வும் சேர்ந்து இதை நிரப்புவதால்தான் அவற்றின் கூட்டுத்தொகை 180 ஆகிறது. பாடத்தில் ‘நேர்கோட்டின் மேல் உள்ள கோணங்கள்’ என்று படித்திருப்பாள்.

அவள் விரல் தயங்கியதற்கும் காரணம் இருக்கிறது. யூக்ளிட்டின் முதல் பாகத்தில் 8ஆம் வரையறை, ஒன்றையொன்று சந்தித்தும் ஒரே நேர்கோட்டில் படியாத இரண்டு கோடுகளின் சாய்வையே கோணம் என்கிறது. அவர் கணக்கில் ∠கதட கோணமே ஆகாது. நமக்கு 180 பாகை என்று இருக்கும் இடத்தில் அவர் ‘இரண்டு செங்கோணங்கள்’ என்று எழுதுகிறார். 1899இல் ஜெர்மன் கணிதர் ஹில்பர்ட் வடிவியலின் அடித்தளத்தை மறுபடி எழுதியபோதும், ஒரே நேர்கோட்டில் படியும் கதிர்களை விலக்கியே கோணத்தை வரையறுத்தார். பள்ளிப் பாடம் நேர்க்கோணத்தையும் கோணமாகச் சேர்த்துக்கொள்கிறது. ஆகவே தேர்வில் த-வுக்கு மூன்று கோணங்கள் என்று எழுதட்டும். மேலும் அங்கே வில் எந்தப் பக்கம் வரைந்தாலும் அளவு 180 பாகைதான். நான் மேலே எழுதிய பின்வளைகோணச் சிக்கல் எழாத ஒரே இடம் அது.